வேலைக்குப் போகிறவர்களுக்கு வாட்ஸ்அப்பில் பத்தாம் வகுப்புப் பாடம்: நான் செய்யும் முறை

கோட்டையூரில் எங்கள் தெருப்பக்கம் ஏழு பேர் பத்தாம் வகுப்பு எழுதப் படிக்கிறார்கள். இரண்டு பேருக்கு ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறையில் வேலை, மூன்று பேர் கல்யாணச் சமையலுக்குப் போகிறவர்கள், மற்ற இருவர் வீட்டோடு இருக்கும் அக்காமார். எல்லாரையும் ஒரே நேரத்தில் ஓரிடத்தில் உட்காரவைப்பது நடக்கிற காரியமில்லை. அதனால் பாடம் முழுக்கப் போனில்தான்.

1. எங்கே பதிவு செய்வது? என் ஓட்டு என்ஐஓஎஸ் எனப்படும் தேசியத் திறந்தநிலைப் பள்ளிக்கு. ஐந்து பாடம் போதும். தமிழ் வழியிலும் எழுதலாம். ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் என்று வருடத்துக்கு இரண்டு தேர்வு. ஒரு பதிவு 5 வருடம் செல்லும். தேறிய பாடம் கணக்கில் நின்றுவிடும் என்பதால், வைகாசி முகூர்த்தத்தில் ஊர் ஊராகச் சமைக்கப் போகிறவர் மிச்சத்தை ஐப்பசியில் எழுதிக்கொள்ளலாம்.

2. புத்தகம். என்ஐஓஎஸ் பாடநூல்தான் அடிப்படை. கணக்கில் தடுமாறினால் தமிழ்நாடு அரசின் ஆறாம், ஏழாம் வகுப்புப் புத்தகங்களை இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளுங்கள்.

3. அனுப்புவது. நான் சறுக்கிய இடம் இதுதான். முதலில் குரூப் ஆரம்பித்தேன். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் பார்க்கத் தப்பான விடை போட யாருக்கு மனசு வரும்? சரி என்று பிராட்காஸ்ட் லிஸ்டுக்கு மாறினேன். ஒரே பாடம் எல்லாருக்கும் போகும், பதில் எனக்கு மட்டும் தனித்தனியாக வரும். இரண்டு வாரம் அனுப்பினேன். நாலு பேரிடமிருந்து பேச்சே இல்லை. படிக்கவில்லை போல என்று உள்ளூர வருத்தம். ஒரு நாள் சந்தையில் அவர்களில் ஒரு அக்கா, “ஏன் தம்பி, பாடத்தை நிறுத்திட்டீங்களா?” என்று கேட்டார்!

விஷயம் இதுதான்: நம் எண்ணைத் தங்கள் போனில் பதிந்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே பிராட்காஸ்ட் போய்ச் சேரும். தப்பு என்னுடையது, முன்பே பார்த்திருக்க வேண்டும். இப்போது ஆளைச் சேர்க்கும் அன்றே போனைக் கையில் வாங்கி என் எண்ணை நானே பதிந்துவிடுகிறேன். அப்புறம் அனுப்பிய செய்தியை அழுத்திப் பிடித்து ‘இன்ஃபோ’ பார்த்தால் யாருக்குச் சேர்ந்தது, யார் கேட்டார்கள் என்று தெரியும். வாரம் ஒரு முறையாவது பாருங்கள்.

4. குரல் பதிவு. வீடியோ வேண்டாம், டேட்டாவும் தின்னும், கையைக் கட்டிப்போடும். குரலென்றால் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்கலாம். ஒரு பதிவு நாலு நிமிடத்தைத் தாண்டக் கூடாது. வளவில், அதாவது வீட்டின் நடு முற்றத்தில், உட்கார்ந்து பேசினால் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல எதிரொலிக்கும். பாயும் தலையணையும் அடுக்கிய அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள்.

உதாரணம் அவர்கள் கைப்பழக்கத்திலிருந்து வரட்டும். பரப்பளவுக்கு நான் கொடுத்த கணக்கு: 20க்கு 15 அடி ஹால், 10க்கு 10 அங்குல டைல்ஸ், எத்தனை வேண்டும்? ஒரு சதுர அடிக்கு 144 சதுர அங்குலம், ஒரு டைல்ஸுக்கு 100; 300 சதுர அடியை 144ஆல் பெருக்கி 100ஆல் வகுத்தால் 432. பட்டறை அண்ணன் ஒருவரிடமிருந்து அஞ்சு நிமிடத்தில் பதில் வந்தது: “432 சரிதான் தம்பி. ஆனா 450 வாங்கச் சொல்லுங்க, உடைசல் இருக்கும்ல.”

5. வீட்டுப்பாடம். பகல் வெளிச்சத்தில் பக்கத்துக்கு ஒரு போட்டோ. எழுத்து கலங்கினால் டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள், தரம் குறையாது. திருத்தத்தைக் குரலிலேயே சொல்லிவிடுவேன், சிவப்பு மை கிடையாது.

பின்சேர்க்கை: போன் மகன் கையில் இருந்தால் என்ன செய்வது என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். மகன் எண்ணையே லிஸ்டில் சேர்த்துக்கொள்ளுங்கள், அவன் வீடு திரும்பும் இரவு ஒன்பதரைக்கு அனுப்புங்கள். இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டில் பையன் வேகத்தைக் கூட்டிவிட்டுப் போயிருக்கிறான். “தம்பி, நேத்து ஏன் அப்படிப் பறந்தீங்க?” என்று அந்த அம்மா கேட்ட பிறகுதான் எனக்குப் புரிந்தது. குரல் ஓடும்போது பக்கத்தில் 1.5 அல்லது 2 என்று தெரிந்தால், அது 1 ஆகும்வரை தொடச் சொல்லுங்கள்.