சர்வரில் இரண்டாவது நெட்வொர்க் கார்டு போடும்போது நடக்கும் தவறுகள்

திருப்பூர் பனியன் கம்பெனி ஆபீஸ்களில் சர்வர் மெதுவானால் பழி உடனே நெட்வொர்க் கார்டு மேல்தான் விழும். போர்டிலேயே இருக்கும் கார்டு போதாது என்று கடையில் கிடைத்த இன்னொன்றை வாங்கிச் செருகிவிடுகிறார்கள். அதற்கு முன்னால் கேபிளைப் பாருங்கள். 100 மெகாபிட் வேகத்துக்கு உள்ளே இருக்கும் நாலு ஜோடிக் கம்பிகளில் இரண்டு ஜோடி போதும். ஜிகாபிட்டுக்கு நாலும் வேண்டும். மீதி இரண்டு ஜோடியில் ஒரு கம்பி ஜாக்கில் சரியாகப் பிடிக்காவிட்டால், பல கார்டுகள் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். லைட் எரியும், பிங்கும் (மறுபக்கம் பதில் தருகிறதா என்று பார்க்கும் சோதனை) போகும், அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. லினக்ஸில் ஈத்டூல் கட்டளையிலும், விண்டோஸில் அடாப்டர் ஸ்டேட்டஸ் பெட்டியிலும் இப்போதைய வேகம் தெரியும். நிட்டிங் மெஷின்களை ஒட்டி ஆபீஸ் இருந்தால், ஜாக்கில் பஞ்சு அடைந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

கார்டில் வேகத்தைக் கையால் பூட்டி வைப்பது இன்னொரு தவறு. கார்டை 100 ஃபுல் டூப்ளெக்ஸ் (ஒரே நேரத்தில் அனுப்பவும் வாங்கவும் செய்வது) என்று பூட்டிவிட்டு ஸ்விட்சை ஆட்டோவில் (தானே பேசி வேகத்தை முடிவு செய்வது) விட்டால், ஸ்விட்ச் ஹாஃப் டூப்ளெக்ஸுக்கு, அதாவது ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் அனுப்பும் முறைக்கு, போய்விடும். பிங் நன்றாகவே இருக்கும், பெரிய ஃபைலை காப்பி செய்தால் தவழும். இரண்டு பக்கமும் ஆட்டோவில் இருக்கட்டும்.

அதிகம் படுத்துவது, இரண்டு கார்டுக்கும் ஒரே சப்நெட்டில் (ஒரே நெட்வொர்க்கின் முகவரி வரிசை) ஐபி கொடுப்பதுதான். ஒன்றுக்கு 192.168.1.10, இன்னொன்றுக்கு 192.168.1.11 என்று கொடுத்தால் வேகம் இரட்டிப்பாகும் என்ற நம்பிக்கை. லினக்ஸில் வழக்கமான அமைப்பில், ஒரு கார்டின் ஐபியைக் கேட்டால் மற்ற கார்டும் பதில் சொல்லும். ஒன்றின் வழியாக வந்த கேள்விக்கு மற்றதன் வழியாகப் பதில் போகும். சோதிப்பதற்காக ஒரு கேபிளைப் பிடுங்கினால் பில்லிங் டேபிள் நின்றுவிடும், மெர்ச்சண்டைசர் டேபிள் ஓடும். அங்கேதான் ஆளைக் குழப்பிவிடுகிறது. இரண்டாவது கார்டைக் கேமராவுக்கோ பேக்கப்புக்கோ ஒதுக்கி, 192.168.2 வரிசையில் வையுங்கள். கேட்வே (வெளி நெட்வொர்க்குக்குப் போகும் வழியின் முகவரி) ஒரு கார்டில் மட்டும் போதும்.

நிஜமாகவே வேகம் வேண்டுமென்றால் இரண்டையும் பாண்டிங்கில், அதாவது இரண்டு கார்டும் ஒரே கார்டு போல வேலை செய்யும் அமைப்பில், சேர்க்கலாம். அதில் எல்ஏசிபி முறைக்கு (கார்டுகளும் ஸ்விட்சும் பேசி இணைப்புகளைச் சேர்த்துக்கொள்ளும் முறை) அதை ஆதரிக்கும் ஸ்விட்ச் வேண்டும்; சாதாரண ஸ்விட்சில் நடக்காது. கார்டுகளின் வேகமும் ஒன்றாக இருக்க வேண்டும். அப்போதும் ஒரே ஆள் ஒரு ஃபைலை இழுத்தால் ஒரு கார்டின் வேகம்தான் கிடைக்கும். பல பேர் ஒரே நேரத்தில் வேலை செய்யும் இடத்தில்தான் பலன் தெரியும்.

இன்டெல், ரியல்டெக் கார்டுகளைக் கலந்து போடுவது தவறே இல்லை. ஆனால் லினக்ஸில் புதுக் கார்டு செருகியதும் பிசிஐ எண்கள் (போர்டில் கார்டு இருக்கும் இடத்தைக் குறிக்கும் எண்கள்) நகர்ந்து பழைய கார்டின் பெயர் மாறக்கூடும். அப்போது ஐபி அமைப்பு எந்தக் கார்டிலும் ஒட்டாமல் நிற்கும். செருகும் முன் இரண்டின் மேக் முகவரியையும் (ஒவ்வொரு கார்டுக்கும் தயாரிப்பிலேயே தரப்படும் தனி எண்) எழுதி வையுங்கள். விண்டோஸில் கழற்றிய கார்டு மறைந்தபடி பழைய ஐபியைப் பிடித்துக்கொண்டிருக்கும். டிவைஸ் மேனேஜரில் ‘ஷோ ஹிட்டன் டிவைசஸ்’ கொடுத்து அதை நீக்குங்கள். அப்புறம், சில மென்பொருள்களின் லைசென்ஸ் மேக் முகவரியோடு கட்டியிருக்கும். அதை விசாரிக்கும் வரை பழைய கார்டைத் தூக்கிப் போடாதீர்கள்.