தோட்டத்திலிருந்து கிளினிக்குக்கு: ஒரே பயணத்தில் வேலையை முடிக்கும் வழி

கிளினிக் கெசிஹாத்தானில் (டாக்டர் இருக்கும் அரசு கிளினிக்) மலேசியக் குடிமக்களுக்கு வெளிநோயாளி கட்டணம் 1 வெள்ளி (ரிங்கிட்). மருந்தும் அதற்குள் அடக்கம். 60 வயது ஆனவர்களுக்கு அந்த ஒரு வெள்ளியும் கிடையாது. ஆகவே பேராக்கின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் பாதியில் மருந்தை நிறுத்துகிறவர்களை நிறுத்த வைப்பது கட்டணம் இல்லை. குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி என்றால், வாரம் ஆறு நாள் வேலை செய்பவருக்கு ஒரு நாள் கூலி 65 வெள்ளி 38 காசு. கிளினிக் போகும் நாளில் அது போகிறது, வண்டிச் செலவு வேறு. "இன்னொரு நாள் வாங்க" என்று திருப்பி அனுப்பப்பட்டால் எல்லாம் இரட்டிப்பு.

முதலில், எங்கே போக வேண்டும் என்று தெரிந்துகொள்ளுங்கள். கிளினிக் டேசாவில் (சிறிய கிராமப்புற அரசு கிளினிக்) டாக்டர் இருக்கமாட்டார், மிஸ்ஸிதான் (நர்ஸ்). கர்ப்பிணிச் சோதனைக்கும் குழந்தைத் தடுப்பூசிக்கும் அது போதும். இனிப்பு நீர் (சர்க்கரை நோய்), ரத்த அழுத்தம், விடாத காய்ச்சல் என்றால் கிளினிக் கெசிஹாத்தான். சுங்கை சிப்புட் மருத்துவமனையிலிருந்து நிபுணரைப் பார்க்க ஈப்போ பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். அங்கே நேராகப் போய் நிற்காமல் அரசு டாக்டரின் கடிதத்தோடு போங்கள். தனியார் டாக்டர் கடிதத்தோடு போனால் முதல் தடவைக் கட்டணம் கூடும். தோட்டத்தில் டிரசர் (தோட்டத்து மருத்துவ உதவியாளர்) இன்னும் இருந்தால், எத்தனை நாளாக என்ன தொந்தரவு, என்ன மருந்து கொடுத்தார் என்று இரண்டு வரி எழுதித் தரச் சொல்லுங்கள். பல தோட்டங்களில் டிரசரே இல்லாமல் போனது வேறு கதை.

நெஞ்சுவலி, ஒரு பக்கம் கைகால் விழுவது, வாய் கோணுவது, மூச்சுத் திணறல், பாம்புக்கடி, பூச்சி மருந்தோ களைக்கொல்லியோ குடித்தது: இவற்றுக்கு வரிசை, தெமுஜாஞ்சி (முன்பதிவு) எதுவும் வேண்டாம். 999, அல்லது அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவு. பாம்பு கடித்த இடத்தைக் கீறாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள், அந்தக் கை காலை அசைக்க விடாதீர்கள். களைக்கொல்லி உள்ளே போயிருந்தால் போத்தலையோ லேபிளின் படத்தையோ கட்டாயம் கொண்டுபோங்கள். பாராகுவாட் என்ற களைக்கொல்லிக்கு 2020 ஜனவரி முதல் தடை இருந்தாலும் பழைய கேனில் என்ன ஊற்றி வைத்திருக்கிறார்களோ தெரியாது. எது உள்ளே போனது என்று தெரிந்தால்தான் டாக்டரால் வைத்தியத்தை முடிவு செய்ய முடியும். தேசிய விஷ மையத்தின் எண் 1-800-88-8099.

பையில் என்ன இருக்க வேண்டும்

மைகார்டு (ஐசி, அடையாள அட்டை), கிளினிக் புத்தகம் (கர்ப்பிணி என்றால் பிங்க் புத்தகம்), தெமுஜாஞ்சி அட்டை. இவற்றோடு வீட்டில் இருக்கும் எல்லா மருந்தும், பாக்கெட்டோடு. மிச்சம் இருப்பவற்றையும் கொண்டுபோக வேண்டும். பலர் இங்கேதான் தவறுகிறார்கள். திட்டு வாங்கப் பயந்து மிச்ச மாத்திரையை வீட்டில் ஒளித்துவிட்டு, "ஒழுங்காச் சாப்பிடுறேன்" என்பார்கள். டாக்டர் என்ன நினைப்பார்? மாத்திரை சாப்பிட்டும் அழுத்தம் இறங்கவில்லை, அளவைக் கூட்டுவோம் என்று எழுதிவிடுவார். பயந்துபோய் அந்தப் புது அளவை ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்தால், எழுந்து நிற்கும்போது தலை சுற்றி விழுவார். "சாயா செலாலு லூப்பா மாக்கான் உபாட்" (மருந்து சாப்பிட எப்போதும் மறந்துவிடுகிறேன்) என்று சொல்லிவிடுவது எவ்வளவோ மேல். இரவு மாத்திரையைக் காலைக்கு மாற்ற முடியுமா என்றும் கேளுங்கள், சில மருந்துகளுக்கு முடியும்.

காலி வயிற்றில் ரத்தம் எடுக்கும் நாள் என்றால் குறைந்தது 8 மணி நேரம் வெறும் தண்ணீர்தான். விடியற்காலையில் குடிக்கும் பால் தேநீரால் பலருடைய சோதனை கெட்டுப்போகிறது. ரத்த அழுத்த மாத்திரையை வழக்கம்போல் தண்ணீரோடு போடலாம். இனிப்பு நீர் மாத்திரையையும் ஊசியையும் போட்டுவிட்டுப் பசியோடு காத்திருந்தால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரும். அவற்றைச் சாப்பாட்டோடு பையில் எடுத்துப்போய், ரத்தம் எடுத்த பிறகு சாப்பிட்டுக்கொண்டே போடுங்கள்.

தெமுஜாஞ்சியை மைசெஜாத்ரா என்ற கைப்பேசிச் செயலியில் போடலாம். கைப்பேசி பழக்கமில்லாதவருக்குப் பிள்ளைகள் போட்டுக்கொடுங்கள். வெள்ளிக்கிழமை மதிய இடைவேளை நீளமானது என்பதால் தூரத்திலிருந்து வருபவர்கள் அந்த நாளைத் தவிர்ப்பது நல்லது.

காய்ச்சலுக்குப் போகும்போது என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்காமலே சொல்லுங்கள்: "சாயா கெர்ஜா டி லாடாங், அடா திக்குஸ்" (தோட்டத்தில் வேலை செய்கிறேன், அங்கே எலி உண்டு). எலி மூத்திரம் கலந்த தண்ணீரால் வரும் காய்ச்சலும் டெங்கியும் தொடக்கத்தில் ஒரே மாதிரி இருக்கும். தோட்ட வேலை என்று தெரிந்தால்தான் எலிக்காய்ச்சல் டாக்டரின் நினைவுக்கு வரும்.

மருந்துக்கு மாதாமாதம் அலைய வேண்டாம்

பல மாதத்துக்கு எழுதிய மருந்தையும் பெரும்பாலும் ஒரு மாத அளவாகத்தான் தருவார்கள். மீதியை வீட்டுக்கு அருகிலுள்ள, ஃபார்மசி இருக்கும் வேறோர் அரசு கிளினிக்கில் வாங்க எஸ்.பி.யூ.பி. என்ற ஏற்பாடு உண்டு. ஈப்போவில் எழுதிய மருந்தை ஈப்போ போகாமலே வாங்கலாம். முதல் மருந்து வாங்கும்போதே ஃபார்மசி கவுண்டரில் கேட்டு வைக்க வேண்டும். அவர்களாகச் சொல்வார்கள் என்று காத்திருக்காதீர்கள். தபாலில் அனுப்பும் வசதி உண்டா என்றும் அங்கேயே கேளுங்கள்.

எஸ்.டி.ஆர். என்ற அரசு ரொக்க உதவி பெறுபவருக்கும் அவர் துணைவருக்கும் 40 வயது ஆகியிருந்தால் பெக்கா பி40 என்ற அரசு சுகாதாரத் திட்டத்தில் இலவச உடற்பரிசோதனை உண்டு. பதிவு தேவையில்லை. ஐசி எண்ணைத் திட்ட இணையதளத்தில் போட்டுப் பார்த்துவிட்டு, பங்கேற்கும் கிளினிக்குக்குப் போகலாம். ரத்தம் கொடுத்ததோடு மறந்துவிடாதீர்கள். முடிவைக் கேட்க இரண்டாம் தடவை போனால்தான் சோதனைக்குப் பலன். புற்றுநோய் சிகிச்சைக்குப் போகிறவருக்கு இதே திட்டத்தில் தீபகற்பத்தில் 500 வெள்ளி வரை போக்குவரத்து உதவியும் உண்டு.

மைகார்டு இல்லாதவர்களின் நிலைமை கடினம்தான். குடிமக்கள் கட்டணம் கிடைக்காது. ஆனாலும் கர்ப்பிணிச் சோதனையையும் குழந்தைத் தடுப்பூசியையும் தள்ளிப் போடாதீர்கள். பிறப்புப் பத்திரம், பெற்றோர் ஐசி நகல், பதிவிலாகாவில் மனு கொடுத்த சீட்டு எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். பில் கட்ட முடியாவிட்டால் பெரிய மருத்துவமனைகளில் மருத்துவச் சமூகப் பணிப் பிரிவைப் பார்த்துப் பேசுங்கள்.

கடைசியாக, கூலி. டாக்டர் எம்.சி. (நோய் விடுப்புச் சான்றிதழ்) கொடுத்தால் அது சம்பளத்தோடு கூடிய நோய் விடுப்பு: இரண்டு ஆண்டுக்குக் குறைவான வேலைக்கு ஆண்டுக்கு 14 நாள், இரண்டிலிருந்து ஐந்துக்குள் 18, அதற்கு மேல் 22. வார்டில் படுத்தால் 60 நாள். கம்பெனி டாக்டர் இருந்தால் அவரிடம் வாங்க வேண்டும். தூரமோ அவசரமோ தடுத்தால் அரசு டாக்டர் எம்.சி. செல்லும். 48 மணி நேரத்துக்குள் ஆபீசுக்குத் தகவல் போகாவிட்டால் சொல்லாமல் நின்றதாகக் கணக்கு. மண்டோரிடம் (வேலை மேற்பார்வையாளர்) வாய்வார்த்தையாகச் சொன்னாலும் கிராணிக்கு (ஆபீஸ் எழுத்தர்) ஒரு வாட்ஸ்அப் செய்தி போட்டு வையுங்கள். வழக்கமான சோதனைக்குப் போனால் பெரும்பாலும் கிளினிக்கில் இருந்த நேரத்தைக் காட்டும் டைம் ஸ்லிப்தான் கிடைக்கும், அது எம்.சி. இல்லை. அந்த நாளுக்கு ஆண்டு விடுப்பா, ஓய்வு நாளை மாற்றுவதா என்று போவதற்கு முன்பே ஆபீசில் பேசி முடித்துவிடுங்கள்.