மேசைமேல் ஒரு தெமோதர: வீட்டில் சிறிய மாதிரி ரயில்பாதை அமைக்கும் முறை

இலங்கையின் மலைநாட்டில், எல்லயிலிருந்து வரும் புகையிரதம் தெமோதர நிலையத்தைக் கடந்தபின், மலையை ஒரு வட்டம் சுற்றித் தாழ்ந்து, ஒரு சுரங்கத்தின் வழியாக அதே நிலையத்தின் அடியிற் புகுந்து பதுளையை நோக்கிப் போகிறது. உயர வித்தியாசத்தைச் சமாளிக்க வழி தெரியாமல் நின்ற பொறியியலாளருக்கு, தலைப்பாகையை அவிழ்த்து மீண்டும் சுற்றிக் கட்டிய ஒரு கங்காணியே வழிகாட்டினார் என்று ஒரு கதை வழங்குகிறது. கதையின் உண்மை எப்படியிருந்தாலும், 1924இல் பதுளைவரை பாதையைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்களுக்கு மலையில் இடம் போதவில்லை; நமக்கு அறையில் இடம் போதாது. ஆகவே அவர்கள் செய்ததையே நாமும் செய்யலாம். பாதையை அதன்மேலேயே சுற்றவிட்டு, கடக்கும் இடத்தில் நிலையத்தை மேலேயும் சுரங்கத்தைக் கீழேயும் வைத்துவிட்டால், நான்கடி நீளமும் இரண்டரையடி அகலமும் கொண்ட பலகை போதுமானது.

முதலில் அளவுத்திட்டத்தைத் தீர்மானிக்க வேண்டும். கடைகளில் அதிகம் காணப்படும் எச்ஓ என்பது 1:87 அளவு. அதன் தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீற்றர். அழகானதுதான், ஆனால் மேற்சொன்ன பலகையில் அதை வளைப்பது கடினம். 1:160 அளவிலான ‘என்’ (N) வகையையே நான் பரிந்துரைப்பேன். அதன் இடைவெளி 9 மில்லிமீற்றர். நமது பாதையின் உண்மையான இடைவெளியாகிய 1676 மில்லிமீற்றரை 160ஆல் வகுத்தால் பத்தரை வரும் என்பதால், கண்டிப்பாகப் பார்ப்பவர்களுக்கு இது சற்றுக் குறுகிய பாதையே. ஓடும் வண்டியில் அது கண்ணுக்குத் தெரிவதில்லை. நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக இராகலைக்கு ஓடி 1940களில் மூடப்பட்ட சின்ன ரயிலின்மீது ஆசை உள்ளவர்களுக்கு இன்னொரு வாய்ப்பும் உண்டு. அதன் இடைவெளி 762 மில்லிமீற்றர். அதை 87ஆல் வகுத்தால் 8.76. அதாவது, ‘என்’ (N) வகைத் தண்டவாளத்தின்மேல் 1:87 அளவுப் பெட்டிகளை ஓடவிட்டால் அந்தப் பாதை ஏறத்தாழச் சரியான அளவில் கிடைத்துவிடும்.

வரைபடத்தை எட்டு வடிவத்தின் ஒரு கண்ணை மடித்து மற்றக் கண்ணுக்குள் வைத்ததுபோலக் கற்பனை செய்யுங்கள். வெளிச்சுற்றுக்கு 282 மில்லிமீற்றர் ஆரமும் உட்சுற்றுக்கு 249 மில்லிமீற்றர் ஆரமும் உள்ள வளைவுத் துண்டுகளை எடுத்துக்கொள்ளலாம். மலைநாட்டுப் பாதையின் கடும் வளைவுகளின் ஆரம் ஐந்து சங்கிலி, அதாவது ஏறத்தாழ 100 மீற்றர்; அதை அப்படியே சுருக்கினால் 63 சென்ரிமீற்றர் ஆரம் தேவைப்பட்டு, பாதை பலகைக்கு வெளியே போய்விடும். எனவே இந்த இடத்தில் உண்மையை விட்டுக்கொடுத்தே ஆகவேண்டும். ஏற்றத்திலும் அப்படித்தான். கீழே செல்லும் வண்டிக்கு 45 மில்லிமீற்றர் இடைவெளி, மேற்பாதையின் தளத்துக்குப் பத்து மில்லிமீற்றர் என 55 மில்லிமீற்றர் உயர வேண்டும். உண்மைப் பாதையின் 44க்கு 1 என்ற ஏற்றத்தில் இதற்கு 2.42 மீற்றர் நீளம் வேண்டும். நமக்குக் கிடைப்பதோ இரண்டு மீற்றர்தான், அதனால் ஏற்றம் ஏறத்தாழ 36க்கு 1 ஆகிறது. ஒரு சிறிய எஞ்சின் மூன்று பெட்டிகளை இதில் இழுத்துவிடும். நான்காவது பெட்டியை இணைக்குமுன் ஒருமுறை சோதித்துப் பாருங்கள்.

பலகைக்கு 9 மில்லிமீற்றர் பிளைவுட் நல்லது. எட்டுக்கு நான்கு அடித் தகட்டில் இந்த அளவுக்கு மூன்று பலகைகள் வெட்டலாம் என்பதால், நண்பர்கள் சேர்ந்து வாங்கினால் செலவு குறையும். அடியில் இரண்டுக்கு ஒன்று அங்குலச் சட்டங்களைச் சுற்றிலும், குறுக்கே இரண்டையும் அடித்துக்கொள்ளுங்கள். தாழ்நாட்டுக்காரர் அலட்சியம் செய்தாலும் நாம் செய்யக்கூடாத ஒரு வேலை இங்கே உண்டு: பலகையின் இருபுறமும், வெட்டிய ஓரங்களிலும்கூட, இரண்டு பூச்சு எனாமல் பெயின்ட் அடிக்க வேண்டும். மூடுபனி வீட்டுக்குள்ளேயே வந்துபோகும் ஊர்களில் ஒருபக்கம் மட்டும் பெயின்ட் பூசிய பலகை, அடுத்த மழைக்காலத்துக்குள் வில்லாக வளைந்துவிடும். பாதையும் அதனோடு சேர்ந்து வளையும்.

ஏற்றத்தை அமைப்பதுதான் பொறுமையைச் சோதிக்கும் வேலை. நிலையத்துக்கு அரை மீற்றர் சமதளத்தை ஒதுக்கிவிட்டு, அதன் இரு முனைகளிலிருந்தும் இறங்கும் இரண்டு சாய்வுகளிலும் 20 சென்ரிமீற்றருக்கு ஒரு தாங்கு என நிறுத்துங்கள். கீழிருந்து வரும்போது ஒவ்வொரு தாங்கும் முந்தையதைவிட 5.5 மில்லிமீற்றர் உயர்ந்தால் பத்தாவது தாங்கில் 55 மில்லிமீற்றர் வந்துவிடும். சமதளமும் சாய்வும் சேரும் இடத்தில் மட்டும் முதல் தாங்கையும் கடைசித் தாங்கையும் சற்றுத் தளர்த்தி, மடிப்பு விழாமல் மெல்ல வளையும்படி செய்யுங்கள். பெட்டிகள் கழன்றுபோவது பெரும்பாலும் இந்த இரண்டு இடங்களில்தான். பாதை குறுக்குவாட்டில் சாயாமல் இருக்கிறதா என்பதை ஒவ்வொரு தாங்கிலும் ரசமட்டம் வைத்துப் பார்க்க வேண்டும்.

தண்டவாளத்தின் கீழே மூன்று மில்லிமீற்றர் கோர்க் தகட்டை ஒட்டினால் ஓசை அடங்கும். நிக்கல் வெள்ளித் தண்டவாளத்தையே வாங்குங்கள். இரும்புத் தண்டவாளம் நமது ஈரத்தில் துருப்பிடித்து, எஞ்சினுக்கு மின்சாரம் போகாமல் தடுக்கும். தண்டவாளங்களை இணைக்கும் சிறு உலோகத் துண்டுகளை மட்டும் நம்பாமல், மீற்றருக்கு ஓர் இடத்திலாவது மின்கம்பியைத் தண்டவாளத்தின் வெளிப்பக்கத்தில் ஈயத்தால் பற்றவைத்துப் பலகையின் அடியால் கொண்டுசெல்லுங்கள்.

மின்சாரத்தில் ஓர் எச்சரிக்கை அவசியம். ரயில் ஓடுவது 12 வோல்ட் நேர்மின்னோட்டத்தில்; அதில் ஆபத்து இல்லை. ஆனால் ஜப்பானிலிருந்து உறவினர் அனுப்பும் தொகுதியின் கட்டுப்பாட்டுக் கருவி பெரும்பாலும் 100 வோல்ட்டுக்கு உரியது. அதை நமது 230 வோல்ட் பிளக்கில் நேரே செருகினால் புகை வருவது எஞ்சினிலிருந்து அல்ல. உள்ளூரில் கிடைக்கும் 12 வோல்ட் 1 அம்பியர் அடப்டரும், திசைமாற்றும் சுவிட்ச் உள்ள ஒரு வேகக் கட்டுப்பாட்டுப் பலகையும் போதும். பின்னேரம் இடி இடிக்கத் தொடங்கினால் பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.

மலையைக் கட்டுமுன் ஒருநாள் முழுவதும் வண்டியை ஓட்டிப் பாருங்கள்; பின்புறமாகத் தள்ளியும் பாருங்கள். சுரங்கத்துக்குள் வண்டி தடம்புரண்டால் கையை நுழைத்து எடுக்கக்கூடியவாறு மலையின் பின்பக்கத்தைத் திறந்தே விடவேண்டும். என் முதல் மலையை நான்கு பக்கமும் அழகாக மூடிவிட்டேன். இரண்டாவது வாரமே அதை உடைத்தேன்.

மலைக்கு ரெஜிபோம் தகடுகளை அடுக்கிச் செதுக்கலாம். ஒட்டுவதற்குப் பைண்டர் கம் மட்டுமே பொருந்தும். செருப்பு ஒட்டும் பசை ரெஜிபோமைக் கரைத்துவிடும், எனாமல் தின்னரும் அப்படியே. மேலே பிளாஸ்டர் ஒஃப் பாரிஸில் நனைத்த துணியைப் போர்த்தி, காய்ந்தபின் செம்மண் நிறம் பூசுங்கள். மண்ணுக்கு, வடித்த தேயிலைச் சக்கையைவிடப் பொருத்தமானது கிடைக்காது. ஆனால் அதைச் சட்டியில் நன்றாக வறுத்து ஈரம் போக்காவிட்டால் ஒரு மாதத்தில் பூஞ்சணம் பூத்துவிடும்.

தேயிலைச் செடிகளுக்குப் பச்சைச் சாயம் ஏற்றிய பஞ்சுத் துண்டுகளைச் சிறிதாகக் கத்தரியுங்கள். நிரைக்கு நிரை நாலடி, செடிக்குச் செடி இரண்டடி என்று வைத்தால் இந்த அளவில் ஏழரை மில்லிமீற்றரும் நான்கு மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவும் வரும். கடையில் விற்கும் மாதிரிப் புதர்கள் உருண்டையாக இருக்கும். கொழுந்து பறிக்கும் மலை அப்படி இராது. எனவே ஒட்டியபின் கத்தரியால் மேற்பக்கத்தை மட்டமாக வெட்டுங்கள், நிரைகள் மலையின் வளைவைத் தொடர்ந்து குறுக்காகவே போகட்டும். ஓரிடத்தில் கவ்வாத்து வெட்டிய மலையாகக் கம்புகளை மட்டும் நட்டால் பச்சை சலிக்காது. ஒன்பது வளைவுப் பாலத்தைச் சேர்க்கத்தான் எல்லோரும் கேட்பார்கள். 91 மீற்றர் நீளமும் 24 மீற்றர் உயரமும் உள்ள அது இந்த அளவில் 57 சென்ரிமீற்றரும் 15 சென்ரிமீற்றரும் ஆகி மலையையே விழுங்கிவிடும் என்பதால், நான் அதை விட்டுவிட்டேன்.

நிலையத்தில் ஒரு கைகாட்டியையும் மும்மொழிப் பெயர்ப்பலகையையும் வைத்தபின், இரண்டாவது வண்டி வாங்கும் எண்ணம் வரும். அப்படி வந்தால் நிலையத்தில் ஒரு பொயின்ட்டும் (பாதை பிரியும் துண்டு) பக்கப்பாதையும் சேர்த்து, மலைநாட்டு நிலையங்களில் சாரதி டெப்லட் (ஒற்றைப் பாதையில் செல்ல அனுமதி தரும் அடையாள வில்லை) வாங்கிச் செல்வதுபோல ஒரு சாவி வளையத்தை ஆணியில் மாட்டிவையுங்கள். வளையம் யார் கையில் இருக்கிறதோ, அவருடைய வண்டி மட்டுமே நிலையத்தைவிட்டுப் புறப்படலாம்.