நான், நீ, அவர் போன்ற மூவிடப்பெயர்களை வைத்து மொழி உறவு தேடும்போது சறுக்கும் இடங்கள்

கொரியத்தில் ‘நா’ என்றால் நான், ‘நி’ என்றால் நீ. அதனால் கொரியமும் தமிழும் ஒரே குடும்பம் என்பவர்கள் முதலில் அந்த ‘நி’யின் வயதைப் பார்க்க வேண்டும். கொரியத்தின் முன்னிலைச் சொல் ‘நொ’. அங்கே ‘என்’, ‘உன்’ என்பவற்றுக்கான வடிவங்கள் இன்றைய பேச்சில் ஒரே ஒலியாகிவிட்டன. குழப்பம் வராமலிருக்க ‘உன்’ பக்கம் ‘நி’ பரவியது. எழுத்தில் இன்றும் பழைய வடிவமே முறை.

சீன மாண்டரினிலும் ‘நி’ என்றால் நீதான். ஆனால் பாஸ்க் மொழியில் அதே ‘நி’க்கு நான் என்று பொருள்! ஒரு மொழிக்கு 15 மெய், 5 உயிர் என்று வைத்தால் ஒரு மெய்யும் ஓர் உயிரும் சேர்ந்த ‘நி’ போன்ற ஓரசைச் சொற்கள் 75தான் அமையும். ஏறத்தாழ 7,000 மொழிகள் இருக்கும்போது, 90 மொழிகளிலாவது ‘நி’ தற்செயலாகவே முன்னிலையாக அமைய இடமுண்டு. ம, ந போன்ற மூக்கொலிகள் எங்கும் மலிந்தவை என்பதால் இந்தக் கணக்கு இன்னும் கூடும்.

எழுவாய் வடிவத்தை மட்டும் ஒப்பிடுவதுதான் பெரிய தவறு. ‘நான்’ பிந்தியது, சங்கப் பாடல்களில் ‘யான்’. உருபேற்கும்போது இன்றும் என்னை, எனக்கு என்றுதானே சொல்கிறோம், அதில் நகரம் எங்கே? முன்னிலையில் கதை தலைகீழ்: இன்றைய ‘உன்’னுக்கு முன்னே ‘நின்’ இருந்தது, கன்னட ‘நினகெ’ அந்த நகரத்தை இன்னும் வைத்திருக்கிறது. இந்தியின் ‘மைம்’ (நான்) வடமொழி ‘அஹம்’ வழி வந்ததல்ல, மூன்றாம் வேற்றுமை ‘மயா’வின் வழி வந்தது. ‘அஹம்’முக்கு உறவு ஆங்கில ‘ஐ’.

ஆகவே பழைய வடிவம், உருபேற்கும் அடி, பன்மை மூன்றையும் எடுங்கள். ஃபின்னிய ‘சினா’ (நீ) முதலில் ‘தினா’. பன்மை ‘தெ’யில் தகரம் தப்பியிருக்கிறது. இகரத்துக்கு முன் தகரம் சகரமாவது அம்மொழியின் பொது விதி: தண்ணீர் ‘வெசி’, அதன் அடி ‘வெதெ’. மற்றச் சொற்களிலும் இப்படிச் செல்லுபடியாகாத ஒலிமாற்றத்தை மூவிடப்பெயருக்கென்று தனியாக உண்டாக்கக் கூடாது.

மூவிடப்பெயர் கடன் போகாது என்பதும் பொய். ஆங்கில ‘தே’ (அவர்கள்) பழைய ஸ்காண்டிநேவிய மொழியான நார்ஸிலிருந்து வந்தது. இந்தோனேசியப் பேச்சின் ‘குவா’ (நான்), ‘லு’ (நீ) இரண்டும் ஹொக்கியன் சீனம்.

எல்லாம் ஆதிச்சொல் என்றும் எண்ண வேண்டாம். ஜப்பானிய ‘பொக்கு’ (நான்) அடியான் என்ற பெயர்ச்சொல். ஸ்பானிய ‘உஸ்தெத்’ (தாங்கள்), ‘உங்கள் அருள்’ எனப் பொருள்படும் ‘வுவெஸ்த்ரா மெர்செத்’ தேய்ந்து வந்தது. முன்னிலைச் சொல்லாயினும் அது படர்க்கை வினை கொள்வது அதனால்தான். இடமும் வினையும் இப்படி ஒட்டாமல் நின்றால், பின்னால் ஒரு பெயர்ச்சொல் ஒளிந்திருக்கிறதா என்று தேடுங்கள்.