எம்.எல்.ஏ.விடம் மனு கொடுக்கப் போகுமுன்

"எங்கள் ஊருக்கு அங்கன்வாடி கட்டித் தரவும்" என்ற ஒற்றை வரி மனு பி.ஏ. மேசையைத் தாண்டாது. கிராமத்துத் தொகுதியில் அப்படி ஊருக்கு ஊர் மனு வரும்.

முதலில் ஆளைத் தெரிந்துகொள்ளுங்கள். வேட்புமனுவோடு அவர் கொடுத்த படிவம் 26 பிரமாணப் பத்திரம் தேர்தல் ஆணைய இணையதளத்தில் இருக்கிறது. எல்லோரும் சொத்து, வழக்கு பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். நமக்கு வேண்டியது தொழிலும், விவசாய நிலம் எந்தக் கிராமத்தில் என்பதும். நிலம் உள்ளவரிடம் வாய்க்கால் பிரச்சினையை ஆதியிலிருந்து விளக்க வேண்டியிருக்காது. அடுத்து, பேரவையில் எதைக் கேட்டுப் பேசியிருக்கிறார் என்று பாருங்கள். 2022 ஆகஸ்டில் 234 எம்.எல்.ஏ.க்களிடமும் தலா 10 முக்கியக் கோரிக்கைகளை கலெக்டரிடம் தரச் சொன்னார் அன்றைய முதலமைச்சர் ஸ்டாலின். உங்கள் தொகுதிப் பட்டியல் கிடைத்தால், எது முன்னால் நின்றது என்று புரியும்.

தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். தொகுதி முழுக்கப் பிரித்தால் ஓர் ஊருக்கு வருவது சொற்பம்; பெரிய பாலத்தை இதில் கேட்காதீர்கள், அதைத் துறை அமைச்சருக்குப் பரிந்துரைக்கச் சொல்லுங்கள். எம்.எல்.ஏ. பரிந்துரைப்பார், அவ்வளவுதான். நிர்வாக அனுமதி கலெக்டருடையது. ஊரகப் பகுதியில் வேலையை நடத்துவது ஒன்றிய அலுவலகம்.

பெரும்பாலும் சிக்குவது நிலத்தில்தான். பட்டா நிலத்தில் அரசுக் கட்டடம் வராது. குளம், ஓடைப் புறம்போக்கு என்றால், நீர்நிலையில் கட்டக் கூடாதென்ற கோர்ட் உத்தரவைக் காட்டி நிறுத்திவிடுவார்கள். ஆகவே அ-பதிவேட்டை (சர்வே எண்வாரியாக நில விவரம் உள்ள வருவாய்த் துறைப் பதிவேடு) எடுத்து, நிலம் எந்த வகைப்பாட்டில் இருக்கிறது என்று பாருங்கள். தானம் கிடைக்கிறதென்றால் பத்திரம் முடித்துவிட்டுப் போங்கள், வாய்ப்பேச்சு செல்லாது. ரோடு என்றால் அது ஊராட்சியுடையதா, ஒன்றியத்துடையதா, நெடுஞ்சாலைத் துறையுடையதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பிறகு மனு, ஒரே பக்கம், இப்படி: "சர்வே எண் 142/3, கிராம நத்தம், 5 சென்ட். பிள்ளைகள் 31 பேர். இப்போது வாடகை வீட்டில் நடக்கிறது." கூடவே கிராம சபைத் தீர்மான நகல், புலப்படம் (நில அளவை வரைபடம்), இரண்டு போட்டோ. ஒன்றிய ஏ.இ. (உதவிப் பொறியாளர்) போட்டுக்கொடுத்த உத்தேச மதிப்பீடு இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. ஒரே மனுவில் ஐந்து கோரிக்கை வேண்டாம். அதில் எளிதானதை மட்டும் செய்துவிட்டு மனுவையே முடித்துவிடுவார்கள்.

கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும். தீர்மானத்தை அங்கேயே பதிவேட்டில் எழுதச் சொல்லி, வாசித்துப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். மனு கொடுத்ததும் நகலில் தேதியோடு சீல் வாங்குங்கள். ஒரு மாதம் கழித்து பி.ஏ.விடம் போய் "பரிந்துரைக் கடிதம் எந்தத் தேதியில் கலெக்டர் ஆபீசுக்குப் போச்சு?" என்று மட்டும் கேளுங்கள், தேதி சொன்னால் மறுநாளே பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) அலுவலகத்தில் விசாரியுங்கள்.