கோச் வைத்தால் கொடுக்கும் காசை எப்படி வசூலிப்பது

காரைக்குடியில் ஜிம்முக்குப் பஞ்சமில்லை. மெஷினுக்கு யோசிக்காமல் பணம் கட்டுகிறோம், பக்கத்தில் நின்று பார்த்துச் சொல்கிற ஆளுக்குத் தனியாகக் கொடுக்கச் சொன்னால் மட்டும் கை இழுக்கிறது. முதல் இரண்டு மூன்று மாதத்துக்காவது கோச் வேண்டும் என்பதுதான் என் கட்சி.

ஸ்குவாட், அதாவது நின்றபடி உட்கார்ந்து எழும் பயிற்சி, போடும்போது முழங்கால் உள்ளே சாய்கிறதா, குதிகால் தரையை விட்டுத் தூக்குகிறதா, எழும்போது மூச்சை அடக்குகிறோமா என்பதெல்லாம் செய்கிறவருக்குத் தெரியவே தெரியாது. கண்ணாடியைத் திரும்பிப் பார்த்தால் அந்த நொடியிலேயே கழுத்தும் முதுகும் கோணிவிடும். பிரஷர் இருப்பவர் மூச்சை அடக்கிக்கொண்டு எடை தூக்கினால் அது இன்னும் எகிறும், அதனால் எழும்போது மூச்சை விடச் சொல்லிப் பக்கத்தில் ஒரு குரல் வேண்டும்.

ஆளைத் தேர்ந்தெடுக்க உடம்பைப் பார்க்காதீர்கள், முதல் நாள் என்ன கேட்கிறார் என்று பாருங்கள். சுகர், பிரஷர், பழைய அடி, சாப்பிடும் மாத்திரை எதையும் கேட்காமல் நேரே டம்பெல்லைக் கையில் கொடுத்தால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். இன்சுலின் போடுகிறவருக்கு உடற்பயிற்சியில் சுகர் சட்டென்று இறங்கக்கூடும், டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். என்ன படித்திருக்கிறார் என்றும் கூச்சப்படாமல் கேளுங்கள், அழகப்பா பல்கலைக்கழகத்தின் உடற்கல்வியியல் கல்லூரி இதே ஊரில்தானே இருக்கிறது.

அப்புறம் சாப்பாடு. 'எண்ணெயே ஆகாது' என்கிற கோச் செட்டிநாட்டில் ஒரு கல்யாணத்தைத் தாண்ட மாட்டார். வீட்டில் என்ன சமைக்கிறார்கள் என்று கேட்டு, வெள்ளைப் பணியாரம் ஆறு என்பதை இரண்டாக்கி, கூட ஒரு முட்டையோ சுண்டலோ சேர்க்கச் சொல்கிறவர் தேறுவார். கவுனி அரிசி உடம்புக்கு நல்லதாச்சே என்று ஆச்சி கிண்ணத்தை நீட்டுவார்கள். சர்க்கரையும் நெய்யும் தேங்காயும் சேர்ந்த பிறகு அது இனிப்புத்தான், அதைக் கோச் சொன்னால் வீட்டில் சண்டை வராது.

ஜிம்முக்குப் போகக் கூச்சமாக இருந்தால் வீட்டுக்கே வரச் சொல்லலாம். செட்டிநாட்டு வீட்டின் உள்முற்றமான வளவில் இடம் தாராளம், ஆனால் தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லில் வியர்வை சொட்டினால் வழுக்கும், ரப்பர் மேட் விரிக்காமல் ஆரம்பிக்க வேண்டாம். அறுபதைத் தாண்டியவர்களுக்கு நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவதே நல்ல தொடக்கம்.

வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான பயிற்சி, இரண்டு நாள் தசைக்கு வேலை என்பது பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் குறைந்தபட்ச அளவு. இதைக் கோச்சிடம் சொல்லி, எந்த நாள் என்ன செய்தோம், எவ்வளவு எடை என்று ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். மாதக் கடைசியில் அந்த நோட்டில் எடையோ எண்ணிக்கையோ கொஞ்சமும் ஏறவில்லை என்றால் காரணம் கேளுங்கள். டப்பாவில் வரும் புரோட்டீன் பவுடர் விற்பதிலேயே குறியாக இருந்தாலும், வருஷப் பணத்தை மொத்தமாகக் கேட்டாலும், அடுத்த மாதம் வேறு ஆளைப் பாருங்கள்.