பாம்புக்கடி: கயிற்றைத் தேடாதீர்கள்

பாம்பு கடித்துவிட்டது என்றதும் வீட்டில் முதலில் தேடப்படுவது கயிறு. துண்டு, சேலைக் கிழிசல், சைக்கிள் டியூப் என்று எது கையில் கிடைத்தாலும் கடிவாய்க்கு மேலே இறுக்கிக் கட்டிவிடுகிறார்கள். விஷம் தலைக்கு ஏறாமல் தடுக்கிறோம் என்ற நினைப்பு. ஆனால் இறுக்கிக் கட்டினாலும் விஷம் முழுதாக நிற்பதில்லை. நிற்பது இரத்த ஓட்டம்தான். கண்ணாடி விரியன், நல்ல பாம்பு இரண்டின் விஷமும் கடித்த இடத்துச் சதையையே அரிக்கக்கூடியது. அதை ஒரே இடத்தில் தேக்கி, இரத்தத்தையும் மறித்தால் காலோ விரலோ அழுகி, வெட்டி எடுக்கும் நிலைக்குப் போகலாம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. யாராவது ஏற்கெனவே கட்டியிருந்தால், பதறிப்போய் வழியிலேயே அவிழ்த்துவிடக் கூடாது. தேங்கிய விஷம் ஒரே மூச்சில் உடலுக்குள் பாயும். மருத்துவமனையில், மருத்துவர் தயாராக நிற்கும்போதுதான் அவிழ்க்க வேண்டும்.

கட்டுக்குப் பதில் என்ன? எலும்பு முறிந்த காலை எப்படி அசையாமல் வைப்போமோ, அப்படி. இரண்டு பக்கமும் கம்போ மட்டையோ வைத்து, துணியைத் தளர்வாகச் சுற்றுங்கள். துணிக்கும் காலுக்கும் நடுவே ஒரு விரல் நுழைய வேண்டும். விஷம் பெரும்பாலும் நிணநீர் (சதையில் ஊறி, தனிக் குழாய்களில் ஓடும் நீர்) வழியாகப் பரவும். அதைத் தள்ளிவிடுவது தசையின் அசைவு. கடிபட்டவரை "மெயின் ரோடு வரைக்கும் நடந்து வா" என்பது விஷத்தைப் பம்ப் அடித்து ஏற்றுவதற்குச் சமம். தூக்கித்தான் போக வேண்டும். மெட்டி, கொலுசு, மோதிரம், வளையல், வாட்ச் எல்லாவற்றையும் உடனே கழற்றிவிடுங்கள். வீங்கிய பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

பிளேடால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, ஐஸ் வைப்பது, தேய்த்துக் கழுவுவது எதுவும் வேண்டாம். கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் விஷத்தில் இரத்தம் உறையும் தன்மையை இழக்கும். அந்த நேரத்தில் கீறினால் கீறிய இடமே நிற்காமல் ஒழுகும். வலிக்கு ஆஸ்பிரின் கொடுப்பதும் இதே காரணத்தால் தவறு.

அதிகம் ஏமாற்றுவது கட்டுவிரியன். இரவில் நடமாடும், தரையில் பாய் விரித்துத் தூங்குபவர்களைக் கடிக்கும். வலி பெரிதாக இருக்காது, வீக்கம் இருக்காது, பல் பதிந்த தடம்கூடத் தெரியாமல் போகலாம். விடியற்காலையில் வயிற்றைப் பிசைகிறது, வாந்தி வருகிறது என்றால் வாயுத் தொல்லை என்று சொல்லி இஞ்சிச் சாறு கொடுத்துப் படுக்க வைக்கிறார்கள். அடுத்து இமை தொங்கும். அதைத் தூக்கக் கலக்கம் என்று விட்டுவிடுகிறார்கள். அதன் பிறகு எச்சில் விழுங்க முடியாது, மூச்சுத் தசைகள் செயலிழக்கும். தரையில் தூங்கியவருக்கு வயிற்று வலியும் இமைத் தொங்கலும் சேர்ந்து வந்தால், காயம் இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருக்க வேண்டாம், கிளம்புங்கள். வழியில் மூச்சு நின்றால் செயற்கைச் சுவாசம் கொடுத்துக்கொண்டே போக வேண்டும். மூச்சைத் தாங்கிப் பிடித்தால் பிழைக்க வாய்ப்புண்டு.

பாம்பைத் துரத்தி அடித்து, பையில் போட்டுக் கொண்டுவருவதும் வீண் வேலை. வெட்டிய தலைகூடச் சிறிது நேரம் கடிக்கும். இங்கே கிடைக்கும் விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் சேர்த்துத் தயாரிக்கப்பட்டது. (இதற்கான விஷத்தை எடுத்துத் தருவதில் சென்னைக்கு அருகே வடநெம்மேலியில், பாம்பு பிடிக்கும் இருளர்களின் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பெரிய பங்குண்டு.) தூரத்திலிருந்து செல்போனில் ஒரு படம் எடுக்க முடிந்தால் போதும்.

பச்சிலையால் பிழைத்தவர் ஊருக்கு ஒருவர் இருப்பார். விஷமில்லாத பாம்பு கடித்திருக்கும். அல்லது விஷப்பாம்பே விஷம் இறக்காமல் கடித்திருக்கும். அந்த ஒருவரை நம்பி இரண்டு மணி நேரம் இழப்பவர்தான் பாவம்.

108-ஐ அழைத்து, விஷமுறிவு மருந்து எந்த மருத்துவமனையில் இருக்கிறது என்று கேட்டு நேராக அங்கேயே போங்கள். பைக்தான் வழி என்றால், கடிபட்டவரை நடுவில் உட்காரவைத்து, பின்னால் ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். வாந்தி வந்தால் இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்கவையுங்கள். கடித்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வீக்கத்தின் விளிம்பில் பேனாவால் கோடு போட்டு மணியையும் எழுதினால், அது எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று மருத்துவருக்குத் தெரியும்.

மருத்துவமனையில் கண்ணாடிக் குழாயில் 2 மில்லி இரத்தம் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைப்பார்கள். உறையாவிட்டால் விஷம் ஏறியிருக்கிறது. சும்மா உட்காரவைத்திருக்கிறார்கள் என்று சண்டை போட வேண்டாம். குழந்தைக்கும் பெரியவர் அளவுக்கே மருந்து ஏற்றுவார்கள். பாம்பு ஆள் பார்த்து விஷத்தைக் குறைப்பதில்லை. முதல் பரிசோதனை சரியாக இருந்தாலும் 24 மணி நேரம் கண்காணிப்பில் இருக்க வேண்டும். கையெழுத்துப் போட்டுவிட்டு நள்ளிரவில் வீட்டுக்குக் கிளம்பிவிடாதீர்கள்.